வெளிநாட்டு மருமக, மருமகன் வர்ற வீடுகளுக்கும் சர்க்காருக்கும்: கல்யாணப் பதிவை தள்ளிப் போடாதீங்க, ஒரே ஒரு கையெழுத்த நம்பி ஒரு வாழ்க்கைய விடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு சின்ன ஆன்லைன் சென்டர் வச்சிருக்கேன். பான் கார்டு, பாஸ்போர்ட், வருமான சர்டிபிகேட், பென்சன் மஸ்டரிங் (பென்சன் வாங்கறவர் உயிரோட இருக்காருன்னு பதியறது) இதுதான் தினப்படி வேலை. ஆனா இந்த சில வருஷமா வேற ஒரு விஷயத்தோட ஆளுங்க வர்றாங்க, அதப் பத்தித்தான் இந்தக் கடிதம். பையன் துபாய்லயோ குவைத்லயோ கூட வேலை பாத்த பிலிப்பைன்ஸ் பொண்ணக் கட்டியிருப்பான், இல்லன்னா மலேசியாவுல இருந்து சொந்தத்துலயே ஒரு தமிழ்ப் பொண்ணு வந்திருக்கும், இல்லன்னா நம்ம பொண்ணு ஒரு இலங்கைத் தமிழரக் கட்டியிருக்கும். ஊரக் கூட்டி கல்யாணம், சாப்பாடு, மொய் எல்லாம் நல்லா நடந்திருக்கும். ஆறு மாசம் கழிச்சு விசா முடியப்போகுதுன்னு பாஸ்போர்ட்ட தூக்கிட்டு வருவாங்க, "கல்யாணம்தான் ஆயிடுச்சே, இனி எதுக்குங்க விசா"ன்னு அந்த வீட்டுப் பெரியவங்க கேப்பாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாதுங்க, கல்யாணம் ஆனா பொண்ணு நம்ம வீட்டுது, அவ்வளவுதானே நமக்குத் தெரியும். சட்டம் அப்படிப் பாக்கறதில்ல. இந்தியரக் கல்யாணம் பண்ணிக்கிட்டதால மட்டும் யாரும் இங்க தங்க உரிமை வாங்கிட முடியாது, அவங்க விசாவுல இருக்கற வெளிநாட்டுக்காரர்தான், அந்த விசா எதுல நிக்குதுன்னா கல்யாணப் பதிவு சர்டிபிகேட்ல நிக்குது.

அந்தப் பதிவத்தான் நம்ம ஆளுங்க தள்ளிப் போடுறாங்க. ஏன் தள்ளிப் போடுறாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்தா அதுக்கும் காரணம் இருக்குங்க. கல்ஃப்ல இருக்கற பையனுக்கு லீவு ஒரு மாசம், மிஞ்சிப் போனா கொஞ்சம் கூட. பெரும்பாலும் ஜூலை ஆகஸ்ட்லதான் கிடைக்கும், அதுல பாதி ஆடியில போயிடும், ஆடியில நம்ம வீடுகள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, ஆவணி பொறந்த உடனே கிடைக்கிற முகூர்த்தத்துல தாலியக் கட்டிட்டு ரெண்டு நாள்ல பையன் ஃப்ளைட் ஏறிடுவான். பொண்ணு வேற மதம்னு வைங்க, பொதுவா 1954ஆம் வருஷ ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்லதான் பண்ணணும். அதுல ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் தங்கியிருந்தாத்தான் நோட்டீஸே குடுக்க முடியும், நோட்டீஸ் குடுத்து அது ஆபீஸ் போர்டுல 30 நாள் தொங்கணும், அதுக்கப்புறம்தான் கல்யாணம். ஆக ரெண்டு மாசம். ஒரு மாச லீவுல வந்தவன் என்ன பண்ணுவான், "கோயில்ல கட்டிக்கறோம், பதிவ அடுத்த லீவுல பாத்துக்கலாம்"ன்னு போயிடுறான். அடுத்த லீவுல குழந்தை பொறந்திருக்கும், ஆஸ்பத்திரி, பேரு வைக்கறது, அதுலயே போயிடும். பதிவு அப்படியே கிடக்கும்.

இதுக்கு ஒரு வழி சொல்றேனுங்க. ஆடியில தாலி கட்ட மாட்டோம், சரி, நோட்டீஸ் குடுக்க ஆடி தடையில்லையே. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு மாசம் முன்னாடியே இங்க வந்து தங்கிட்டா, அந்த 30 நாள் தங்கல் கணக்கு முடிஞ்சிரும், ஆடியிலயே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல நோட்டீஸ் போட்டுட்டா ஆவணியில கோயில் முகூர்த்தமும் பதிவும் ஒண்ணா முடிஞ்சிரும். குடுத்த நோட்டீஸ் மூணு மாசம் வரைக்கும் செல்லும். வெளிநாட்டுப் பொண்ணுக்கு அவங்க நாட்டுத் தூதரகத்துல இருந்து, இவங்களுக்கு வேற கல்யாணம் இல்ல, கல்யாணம் பண்ணத் தடையில்லன்னு ஒரு சர்டிபிகேட் கேப்பாங்க, அதுக்கு டெல்லி மும்பைன்னு அலையணும், அத டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. ஏற்கனவே கோயில்ல கட்டியாச்சுன்னாலும் பயப்பட வேண்டாம், அதே சட்டத்துல 15ஆம் பிரிவுல நடந்து முடிஞ்ச கல்யாணத்தையும் பதிவு பண்ணிக்கலாம், அதுக்கும் 30 நாள் நோட்டீஸ் உண்டு.

"கோயில்ல சாஸ்திரப்படி நடந்துச்சே, ஹிந்து மேரேஜ் ஆக்ட்ல பதிஞ்சுட்டா போதாதா"ன்னு கேப்பாங்க. ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான் அந்தச் சட்டம். ஆந்திராவுல இருந்து போன ஒரு கேஸ்ல 2008லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, இந்துவும் கிறிஸ்தவரும் அந்தச் சட்டத்துல பண்ணிக்கிட்ட கல்யாணம் செல்லாதுன்னு. பிலிப்பைன்ஸ் பொண்ணுங்க அனேகமா கிறிஸ்தவங்கதான். கழுத்துல தாலி, நெத்தியில குங்குமம், வீட்டுல எல்லாரும் மருமகள்னு தாங்குவாங்க, ஆனா பேப்பர் பாத்தா செல்லாத சட்டத்துல பதிஞ்சு வச்சிருப்பாங்க. அத வச்சு விசா அப்ளிகேஷன் போட்டா எங்க போய் முட்டும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

எங்க பார்டர் ஊர்களுக்குன்னே இன்னொரு சிக்கல் இருக்குங்க. வீடு கேரளாவுல, கோயில் தமிழ்நாட்டுல. கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் இங்கெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, குலதெய்வம் அங்க இருக்கும், ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல வைப்பாங்க, பழனியில வைப்பாங்க. கேரளாவோட 2008ஆம் வருஷ கல்யாணப் பதிவு விதிப்படி பஞ்சாயத்துல 45 நாளைக்குள்ள பதியணும், ஆனா எந்த இடத்துல கல்யாணம் நடந்துச்சோ அந்த எடத்து ரிஜிஸ்ட்ராருக்குத்தான் அதிகாரம். தமிழ்நாட்டுல நடந்த கல்யாணத்த இங்க பஞ்சாயத்து ஏத்துக்காது. தமிழ்நாட்டுல 2009ஆம் வருஷச் சட்டம், 90 நாள், ஃபைன் கட்டினா 150 நாள் வரைக்கும். அங்க போனா ஆதார்ல பாலக்காடு அட்ரஸ் இருக்கேன்னு பாப்பாங்க, இங்க வந்தா கோயில் ரசீதுல கோயமுத்தூர் மாவட்டம் இருக்கேன்னு பாப்பாங்க. நடுவுல நாள் ஓடிப்போயிடும். உள்ளூர்க் கல்யாணம்னா இது வெறும் அலைச்சல், வெளிநாட்டுப் பொண்ணுன்னா நாள் தாண்டினா விசாவே போச்சு. கல்யாண மண்டபமோ கோயிலோ புக் பண்றப்பவே எந்த ஆபீஸ்ல பதியப் போறோம்னு முடிவு பண்ணிட்டு புக் பண்ணுங்க. இன்னொண்ணு, பஞ்சாயத்துல பதியறது கல்யாணம் நடந்ததுக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். மதம் வேறயா இருந்தா ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் பதிவுதான் கெட்டி.

இனி விசா. வெளிநாட்டுல இருந்து கட்டிட்டு வர்றவங்களுக்குன்னு இருக்கறது எக்ஸ்-2 விசா, இந்தியரோட கணவன் மனைவி குழந்தைகளுக்கான என்ட்ரி விசா. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, போன்லயே எடுத்துடலாம், சீப்புன்னு ஈ-டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டு வந்துடுறாங்க. 30 நாள் ஈ-டூரிஸ்ட்ல வந்தா மேல சொன்ன நோட்டீஸ் காலமே முடியாது, அதோட ஈ-விசாவ நீட்டிக்கவும் முடியாது வேறயா மாத்தவும் முடியாதுங்கறதுதான் பொது விதி. கல்யாணம் ஆனவங்க அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துல சர்டிபிகேட்டக் காமிச்சு எக்ஸ் விசாவே வாங்கிட்டு வாங்க. அங்கயே கல்யாணம் பண்ணியிருந்தா அந்த சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் வேணும், பிலிப்பைன்ஸ் 2019ல அப்போஸ்டில் ஒப்பந்தத்துல (ஒரு நாட்டு முத்திரைய மத்த உறுப்பு நாடுகளும் அப்படியே ஏத்துக்கற ஒப்பந்தம்) சேந்துட்டதால அங்க ஒரு முத்திரையிலயே வேலை முடியும், அமீரகத்துல அவங்க வெளியுறவுத் துறை முத்திரை, நம்ம தூதரக முத்திரைன்னு போகணும். 1969ஆம் வருஷ ஃபாரின் மேரேஜ் ஆக்ட்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தியரா இருந்தா வெளிநாட்டுல இருக்கற இந்தியத் தூதரகத்துலயே கல்யாணம் பண்ணிக்க அதுல வழி இருக்கு, லீவு கிடைக்காத பசங்க முதல்ல அத விசாரிச்சுக்கோங்க.

180 நாளைக்கு மேல தங்கற விசான்னா வந்து 14 நாளைக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணணும். இப்ப ஆன்லைன்லயே ஈ-எஃப்ஆர்ஆர்ஓ சைட்ல (எஃப்ஆர்ஆர்ஓன்னா வெளிநாட்டுக்காரங்களப் பதிவு பண்ற ஆபீஸ்) போடலாம், 2018ல இருந்து இருக்கு. அது இங்கிலீஷ்ல இருக்கும், போட்டோ அளவு ஃபைல் அளவு எல்லாம் பாத்து பாத்து ஏத்தணும், அதுக்கு எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட வாங்க, இல்ல படிச்ச புள்ளைங்க வீட்டுல இருந்தா அவங்களே பண்ணலாம், பெரிய வித்தை இல்ல. விசா தேதிய மட்டும் தாண்ட விட்ராதீங்க. 1946ஆம் வருஷ ஃபாரினர்ஸ் ஆக்ட் போயி 2025 செப்டம்பர் 1ல இருந்து புதுச் சட்டம் நடைமுறையில இருக்கு, அதுல விசா முடிஞ்சும் தங்கினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 3 லட்ச ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட போடலாம். "நம்ம வீட்டுப் பொண்ணத்தானே, யாரு கேக்கப் போறா"ன்னு சொல்றவங்க இத ஒரு தடவை படிச்சுப் பாக்கணும். எக்ஸ்-2ல இருக்கறவங்க வேலைக்குப் போகணும்னா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். நர்சிங் படிச்சு கல்ஃப்ல சம்பளம் வாங்கிட்டிருந்த பொண்ணு இங்க வந்து சும்மா உக்காந்திருக்கும், பக்கத்துலயே ஆஸ்பத்திரியில ஆள் இல்லன்னு போர்டு தொங்கும். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க அதப் பாக்கறதுக்கு.

அடுத்தது ஓசிஐ கார்டு, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா கார்டு. இதத்தான் எல்லாரும் "ஆயுசுக்கும் விசா"ன்னு கேட்டு வர்றாங்க, ஏஜென்டுங்க காசு புடுங்கறதும் இதுலதான். எங்க பக்கத்துலயே ஒரு வீட்டுல கல்யாணமாகி மூணு மாசத்துல கார்டு வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்லி பெரிய தொகை வாங்கிட்டாரு. குடியுரிமைச் சட்டம் 7ஏ பிரிவு தெளிவாச் சொல்லுது, கல்யாணம் பதிவாகி, விட்டுப் போகாம ரெண்டு வருஷம் நிலைச்சிருந்தாத்தான் அப்ளிகேஷனே போட முடியும், அதுக்கப்புறம் செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேற. மூணு மாசத்துல யாராலயும் வாங்கித் தர முடியாது. இந்தியாவுல இருந்து போட்டா ஃபீஸ் 15,000 ரூபா, வெளிநாட்டுல இருந்துன்னா 275 டாலர், இதுக்கு மேல ஒருத்தர் லட்சக்கணக்குல கேட்டா அது சர்க்காருக்குப் போற காசு இல்ல. அப்பா அம்மா தாத்தா பாட்டின்னு யாராவது பாகிஸ்தான் பங்களாதேஷ் குடிமக்களா இருந்திருந்தா ஓசிஐ கிடைக்காது. பதிவ மூணு வருஷம் தள்ளிப் போட்டவங்களுக்கு அந்த மூணு வருஷமும் கணக்குல வராதுங்க, நான் திரும்பத் திரும்ப பதிவு பதிவுன்னு சொல்றது இதுக்குத்தான்.

கார்டு வந்துட்டா பெரிய நிம்மதிதான். போலீஸ்ல ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம், எத்தன வருஷம் வேணா இருக்கலாம், வந்து போகலாம், பொதுவா வேலைக்குப் போகலாம். ஓட்டுப் போட முடியாது, சர்க்கார் வேலைக்குப் போக முடியாது, தென்னந்தோப்பு மாதிரி விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசா வந்து சேர்றது வேற. ஒவ்வொரு தடவ புது பாஸ்போர்ட் எடுக்கறப்பவும் கல்யாணம் இன்னும் நிலைச்சிருக்குன்னு உறுதிமொழி எழுதி சைட்ல ஏத்தணும், இத நிறையப் பேர் மறந்துடுறாங்க.

இப்பத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கல்யாணத்த வச்சு வாங்கின ஓசிஐ, விவாகரத்து ஆனா ரத்து பண்ணலாம்னு அதே குடியுரிமைச் சட்டம் 7டி பிரிவுல இருக்கு. அதுக்கு முன்னாடி எக்ஸ்-2ல இருக்கற காலத்துல நிலமை இதவிட மோசம், ஒவ்வொரு தடவ நீட்டிக்கறப்பவும் கணவனோட கடிதம், கணவனோட ஐடி, கணவனோட கையெழுத்து. அந்த ஆள் நல்லவனா இருந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. ஆள் சரியில்லன்னா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, ஊரு பேரு எதுவும் சொல்ல மாட்டேன், வீட்டுல அடி, பேச்சு, எல்லாம். "கையெழுத்துப் போட மாட்டேன், உன்ன ப்ளேன் ஏத்தி விட்ருவாங்க, புள்ள இங்கதான் இருக்கும்"னு சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கா வாயடைச்சு வச்சிருந்தாங்க. தமிழ் நல்லாப் பேசும், மாமியாருக்கு உடம்பு முடியாதப்ப கூட இருந்து பாத்ததே அந்தப் பொண்ணுதான். ஒரு ஆபீஸ்ல போய்க் கேட்டப்ப "வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. யாரு அடிக்கறாங்களோ அவங்களையே கூட்டிட்டு வரச் சொன்னா அந்தப் பொண்ணு எங்க போகும்?

2005ஆம் வருஷ குடும்ப வன்முறைச் சட்டம் எந்தப் பெண்ணுக்கும்னுதான் எழுதியிருக்கு, இந்தியப் பெண்ணுக்கு மட்டும்னு இல்ல, சேந்து வாழ்ந்த வீட்டுல தங்கற உரிமையும் அதுல இருக்கு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ஆர்டர் வாங்கி அந்தப் பொண்ணு வீட்டுக்குள்ள தைரியமா இருக்கலாம், ஆனா விசா முடிஞ்சா நாட்டுக்குள்ள இருக்க முடியாது. ஒரு கையில குடுத்து இன்னொரு கையில புடுங்கற மாதிரி இல்லையா இது. அமெரிக்காவுல அடி வாங்கற மனைவி கணவன் தயவில்லாம தானே மனு போட்டுக்கற வழி சட்டத்துல இருக்கு, இங்கிலாந்துலயும் குடும்ப வன்முறையால பிரிஞ்ச மனைவி தன் பேர்லயே நிரந்தரமாத் தங்க மனு போடலாம். அந்த நாடுகளும் சும்மா விட்டுடல, இங்கிலாந்துல மனைவியக் கூப்பிடணும்னா 2024 ஏப்ரல்ல இருந்து வருஷம் 29,000 பவுண்ட் வருமானம் காட்டணும், அமெரிக்காவுல கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகலன்னா முதல்ல ரெண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டுதான், ஜெர்மனிக்குன்னா பெரும்பாலும் முதல் நிலை ஜெர்மன் பரீட்சை பாஸ் பண்ணிட்டுத்தான் போகணும். நம்ம ஊர்ப் பொண்ணுங்க பல பேர் அங்க மருமகளாப் போயிருக்காங்க, அங்க அவங்களுக்கு ஒரு கஷ்டம்னா அந்த நாட்டுச் சட்டம் கை குடுக்கணும்னு நாம எதிர்பாக்கறோம். இங்க வந்த பொண்ணுக்கும் அந்த அளவாவது குடுக்கணும்ல?

மலேசியா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா தமிழ்ப் பொண்ணக் கட்டினவங்க ஒரு விஷயம் கவனிக்கணும், இத ஏஜென்டுங்க சொல்ல மாட்டாங்க. அவங்க அப்பா அம்மாவோ, தாத்தா பாட்டியோ, அதுக்கு முந்தின தலைமுறை பூட்டன் பூட்டியோ இங்க இருந்து போனவங்கன்னு காட்டற ஆவணம் இருந்தா, இந்திய வம்சாவளின்னு அவங்க சொந்த உரிமையிலயே ஓசிஐ போட வழி இருக்கு. ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம், கணவன் கையெழுத்தும் வேண்டாம், முக்கியமா நாளைக்கு விவாகரத்தே ஆனாலும் அந்தக் காரணத்துக்காக அந்த கார்டு போகாது. தாத்தாவோட பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, இங்க இருந்த நிலப் பத்திரம் இப்படி ஏதாவது பெட்டியில கிடக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. நான் பாத்த ஒரு குடும்பத்துல மலேசியப் பொண்ணுக்கு அவங்க தாத்தா ஆவணம் கையிலயே இருந்தும் கணவன் வழியிலதான் போடணும்னு நினைச்சு வருஷக்கணக்கா சும்மா காத்திருந்தாங்க.

இலங்கை விஷயம் இதெல்லாத்தையும் விட வேதனையானது. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல 5,25,000 மலையகத் தமிழர்கள இந்தியா ஏத்துக்கறதா ஒத்துக்கிச்சு, அதுல வந்தவங்கள புனலூர் ரப்பர் தோட்டத்துலயும் கவிங்கற மலை ஊர்லயும் கேரள சர்க்காரே குடியேத்தினாங்க, அவங்க இன்னிக்கு குடிமக்கள், ஓட்டுப் போடுறாங்க. ஆனா 1983க்கு அப்புறம் படகுல வந்தவங்க கதை வேற. எங்க ஊர்ல இருந்து பஸ்ஸுல போற தூரத்துல ஆழியாறுல முகாம் இருக்கு, மறுவாழ்வு முகாம்னு இப்ப பேரு. அந்த மாதிரி முகாம்ல இருக்கற பையன நம்ம பக்கத்துப் பொண்ணு கட்டியிருந்தா அவரு இந்தியப் பெண்ணோட கணவன்தான், ஆனா முறையான பாஸ்போர்ட் விசா இல்லாம வந்ததால சட்டத்தோட கண்ணுல சட்டவிரோதக் குடியேறி, குடியுரிமைக்கு 5(1)(சி) பிரிவுல மனு போடவே முடியாது. அதோட விடல, 2004 டிசம்பர் 3ல இருந்து பொறந்த குழந்தைக்கு அப்பா அம்மால ஒருத்தர் இந்தியரா இருந்தாலும் இன்னொருத்தர் சட்டவிரோதக் குடியேறியா இருந்தா பிறப்பால குடியுரிமை கிடையாது. அம்மா இங்கயே பொறந்து வளந்த இந்தியப் பொண்ணு, குழந்தை பொறந்தது இங்க இருக்கற சர்க்கார் ஆஸ்பத்திரியில, ஆனா அந்தக் குழந்தை எந்த நாட்டுக்குடின்னு கேட்டா பதில் இல்ல. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பொறந்தவங்களுக்கு அப்பா அம்மா யாரா இருந்தாலும் குடியுரிமை உண்டு, மண்டபம் முகாம்ல 1986ல பொறந்த ஒரு பெண்ணுக்கு 2022ல மதுரை ஐகோர்ட் கிளை அதத்தான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் 2004 வரைக்கும் பொறந்தவங்களுக்கு ஒரு பெற்றோர் இந்தியரா இருந்தாலே போதும். இந்தத் தேதிங்க தெரியாமலேயே தகுதி இருக்கறவங்களும் கேக்காம இருக்காங்க. பொறந்த தேதி சர்டிபிகேட்ட எடுத்துப் பாருங்க, ஒரு வக்கீலக் காட்டுங்க.

2025 செப்டம்பர்ல மத்திய சர்க்கார் ஒரு உத்தரவு போட்டு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட் விசா இல்லன்னு தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னு சொல்லியிருக்காங்க. நல்லது, வரவேற்கிறோம். அது ஜெயில் பயத்தப் போக்குது. ஆனா இங்கயே கல்யாணம் பண்ணி புள்ள குட்டியோட இருக்கறவரு குடிமகனாகறதுக்கு அந்த உத்தரவுல வழி ஒண்ணும் எழுதல. அத நம்ம எம்பிக்கள்தான் டெல்லியில கேக்கணும், எங்க ஆலத்தூர் எம்பியும் கேக்கணும் பொள்ளாச்சி எம்பியும் கேக்கணும், இது ரெண்டு பக்கத்துக் குடும்பங்களோட பிரச்சனை.

கல்ஃப்ல குழந்தை பொறந்தா ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பதிஞ்சுடுங்க, அந்த ஒரு வருஷம் தாண்டினா மத்திய சர்க்கார் அனுமதி வேணும், பெரிய அலைச்சல். அம்மா நாட்டு பாஸ்போர்ட்ட முதல்ல எடுத்துட்டு அப்புறமா இந்திய பாஸ்போர்ட் கேட்டா கிடைக்காது, ரெண்டுல எதுன்னு வீட்டுல உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டு எடுங்க. நிரந்தரமா இங்கயே இருக்கப் போறவங்க குடியுரிமைக்கும் போடலாம், 7 வருஷம் இங்க தங்கியிருக்கணும், ஆனா சொந்த நாட்டுக் குடியுரிமைய விடணும், அது சின்ன விஷயம் இல்ல, அந்தப் பொண்ணோட அப்பா அம்மா அங்க இருக்காங்கங்கறத மறந்துட்டு மாமனார் மாமியார் வற்புறுத்தக் கூடாது.

நான் கேக்கறது இதுதாங்க. பார்டர் தாலூக்காக்கள்ல குடியிருக்கறவங்க எந்த மாநிலத்துல கல்யாணம் பண்ணியிருந்தாலும் குடியிருக்கற எடத்துலயே பதிஞ்சுக்க ரெண்டு மாநில சர்க்காரும் பேசி ஒரு வழி பண்ணணும். எங்க பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்காவுல தமிழ் பேசறவங்க இவ்வளவு பேர் இருக்கோம், சிறுபான்மை மொழிக்காரங்க தங்களோட மொழியிலயே சர்க்காருக்கு எழுதலாம்னு 1969ஆம் வருஷ கேரள ஆட்சிமொழிச் சட்டத்துலயே இருக்கு, அப்ப கல்யாணப் பதிவு விவரத்த பஞ்சாயத்து ஆபீஸ்ல தமிழ்ல ஒட்டி வைக்கறதுக்கு என்ன தடை? வெளிநாட்டுக் கணவன் மனைவி விஷயத்த விசாரிக்க மாவட்டத்துல வாரம் ஒரு நாளாவது ஒரு ஆள் உக்காரணும், தமிழும் மலையாளமும் தெரிஞ்ச ஆள். மத்திய சர்க்கார்கிட்ட கேக்கறது, குடும்ப வன்முறைக் கேஸ் நடக்கற பொண்ணுக்கும், இந்தியக் குழந்தைய வளக்கற அம்மாவுக்கும், கணவன் கையெழுத்து இல்லாமலே எக்ஸ்-2 நீட்டிப்பு உண்டுன்னு வெளிப்படையா ஒரு உத்தரவு போடுங்க, அத எல்லா எஃப்ஆர்ஆர்ஓ ஆபீசுக்கும் அனுப்புங்க.

ஆசிரியர் அவர்களே, கல்ஃப் பசங்க லீவுல வர்றதுக்கு முன்னாடி, சித்திரை வைகாசியிலயே, இந்த விவரத்த ஒரு வக்கீலையோ பதிவுத்துறை அதிகாரியையோ வச்சு உங்க பேப்பர்ல அரைப் பக்கமாவது போடுங்க. வாட்ஸ்அப்ல வர்றத விட உங்க பேப்பர்ல வந்தாத்தான் எங்க ஊர்ப் பெரியவங்க நம்புவாங்க. வந்த உடனே நான் கட் பண்ணி என் சென்டர் சுவத்துல ஒட்டி வைக்கிறேன், ஜெராக்ஸ் எடுத்து பக்கத்து கல்யாண மண்டபங்களுக்கும் குடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.